ஸ்கேனரா, ஆய்வகமா? எம்பெடட் துறைக்குள் வரும் டிரிபிள் ஈ பட்டதாரிக்கு எது முதலில்

கோயம்புத்தூரில் டிரிபிள் ஈ கடைசி வருடம் படிக்கும் என் அண்ணன் மகள் போன வாரம் போன் செய்தாள். கையில் இரண்டு கடிதம் இருக்கிறதாம். ஒன்று, சென்னையில் எம்பெடட் சிஸ்டம்ஸ் (கருவிக்குள்ளேயே உட்கார்ந்து அதை இயக்கும் கணினி) ஆய்வகத்தில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். படிக்க இடம். இன்னொன்று, மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி பக்கம் ஒரு நிறுவனத்தில் வாகன டயக்னாஸ்டிக்ஸ் வேலை. "அத்தை, நீங்க ரெண்டுலயும் இருந்திருக்கீங்க. எதுக்கு சரின்னு சொல்லட்டும்?" என்றாள். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் நிற்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

ஏழு வருடம் டயக்னாஸ்டிக்ஸ் வேலை பார்த்தேன். அங்கே இருந்துகொண்டே வெளிப்பதிவு முறையில் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். இப்போது முழு நேரமும் ஆய்வகம்தான். ஆகவே நான் சொல்வதில் என் பாதையின் சாய்வு இருக்கும். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் டயக்னாஸ்டிக்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஸ்கேனரைச் செருகிப் பழுதுக் கோடு, அதாவது பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண், படிப்பது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். படிப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும்: எந்த சென்சாரின் மின்னழுத்தம் எந்த எல்லையைத் தாண்டினால் பழுது, எத்தனை மில்லி விநாடி நீடித்தால் அதை நம்பலாம், எப்போது செக் இன்ஜின் விளக்கை ஏற்றுவது, பழுது விழுந்த நொடியில் வேகம், சூடு, பேட்டரி அளவு என்று எதையெல்லாம் படம் பிடித்து வைப்பது. இது சரியாக இருந்தால் மெக்கானிக்குக்கு பத்து நிமிட வேலை. தப்பாக இருந்தால் வாடிக்கையாளர் மாதக்கணக்கில் சர்வீஸ் சென்டருக்கு நடப்பார்.

அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்து ஓபிடி-2, அதாவது வண்டி தன் பழுதைத் தானே சொல்லும் முறை, கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட், பி0301 என்றால் முதல் சிலிண்டரில் தீ சரியாகப் பிடிக்கவில்லை என்ற பொது மொழி, எல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடுதான். நம் ஊரில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது இந்த வேலைக்கு இருந்த மதிப்பே மாறிவிட்டது. புகையைக் கட்டுப்படுத்தும் ஒவ்வொரு பாகமும் தன்னைத்தானே கண்காணித்துச் சொல்ல வேண்டும் என்று ஆனது. அதுவரை ஒரு மூலையில் இருந்த டயக்னாஸ்டிக்ஸ் குழுவைத் தேடி எல்லோரும் வந்தார்கள்.

ஆராய்ச்சி வேறு மாதிரி. அங்கே பழுதுக் கோடு கிடையாது. இன்னும் விடை இல்லாத ஒரு கேள்வியை எடுத்து, அதை அளக்கக்கூடிய அளவுக்குச் சின்னதாக்கி, அளந்து, மற்றவர்கள் நம்பும்படி எழுத வேண்டும். நம் துறையில் அந்தக் கேள்வி பலவிதமாக வரும். ஒரு புரோகிராம் எந்த நிலையிலும் குறித்த நேரத்துக்குள் முடியும் என்று எப்படி நிரூபிப்பது? பேட்டரியைப் பிரிக்காமல் அதன் உள்ளே இருக்கும் தேய்மானத்தை எப்படித் தெரிந்துகொள்வது? சென்னை ஐஐடியில் சக்தி ப்ராசஸர் செய்கிறார்களே, அது போல சிப்பையே நாமே வடிவமைத்தால் அதற்குள் பாதுகாப்பை எங்கே வைப்பது?

கேட்க இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. வேறுபாடு எங்கே தெரியும் என்றால், ஒரு பழுது முன்னால் வந்து நிற்கும்போது.

எனக்கு வேலையில் மூன்றாவது வருடம். ஒரு வேன். ஓடிக்கொண்டே இருக்கும்போது டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு நொடி எரிந்து அணையும். விழுந்த கோடு யு0100, அதாவது இன்ஜின் ஈசியூவிடம் (இன்ஜினை இயக்கும் சின்னக் கணினி) இருந்து தகவல் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் ஈசியூவை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் மாற்றினார்கள். மூன்றாவது முறையும் மாற்றினார்கள். கழற்றிய மூன்று ஈசியூக்களும் எங்கள் லேபுக்கு வந்தன. மூன்றிலும் ஒரு குறையும் இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு என்டிஎஃப் என்று பெயர், பழுது ஏதும் கண்டறியப்படவில்லை என்று அர்த்தம். அந்த மூன்று எழுத்தை ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு நான் கோப்பை மூடியிருக்கலாம். இரண்டு முறை மூடவும் செய்தேன். அது என் தவறுதான், இன்றைக்கும் உறுத்துகிறது. அந்த வேன்காரருக்கு அது பிழைப்பு.

மூன்றாவது முறை நேரில் போனேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். வண்டியின் ஈசியூக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸின் இரண்டு கம்பிகள் அங்கேதான் வருகின்றன. கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், இரண்டும் இணையாக இருப்பதால் மீட்டரில் 60 காட்ட வேண்டும். அந்த வண்டியில் நடுவே பஸ்ஸைப் பிரிக்கும் கேட்வே எதுவும் கிடையாது, ஆகவே கணக்கு நேரடி. 60 காட்டியது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுந்தேன். அங்கே இருந்த மூத்த மெக்கானிக் அண்ணன், "மீட்டரை எடுக்காதம்மா, அப்படியே பாத்துட்டு இரு" என்று சொல்லிவிட்டு, இன்ஜின் பக்கம் போய் வயரிங் ஹார்னஸை, அதாவது கம்பிக் கட்டை, ஒவ்வொரு சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தார். இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகடான ஃபயர்வாலை ஒட்டிய கப்ளருக்கு (கம்பிகள் இணையும் இடம்) அருகில் வந்ததும் மீட்டர் 60இல் இருந்து 120க்குத் தாவியது. கையை விட்டார், 60. ஆட்டினார், 120.

இன்ஜின் ஈசியூவுக்குள்ளேதான் ஒரு முனை ரெசிஸ்டர் இருந்தது. அந்தப் பக்கம் கம்பி விட்டுப்போகும்போது ஒரு 120தான் மிச்சம் நிற்கிறது. கப்ளரைப் பிரித்து, பின்னை வெளியே இழுத்து, லென்ஸில் பார்த்தோம். கிரிம்ப் செய்யும்போது, அதாவது கம்பி முனையில் பின்னை அழுத்திப் பொருத்தும்போது, செம்பு இழையோடு சேர்த்து மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையையும் கடித்திருந்தது. நாலைந்து இழைதான் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. குலுங்கினால் விடும், நின்றால் ஒட்டும். ஒரு பின். அதற்காக மூன்று ஈசியூ.

இந்த மாதிரி ஒரு நாளை எந்த ஆய்வகமும் முதல் வருட மாணவிக்குத் தராது. டயக்னாஸ்டிக்ஸ் பக்கம் நான் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான். டிரிபிள் ஈ படித்தவர்களுக்கு இங்கே ஒரு தனி வலுவும் உண்டு. எம்பெடட் என்றதும் நிறையப் பேர் சி மொழியும் ஆர்டிஓஎஸ் என்ற நிகழ்நேர இயங்குதளமும்தான் என்று நினைக்கிறார்கள். ஆனால் வண்டியில் வரும் பழுதுகளில் எத்தனையோ எர்த் பாயின்டில், கப்ளரில், ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி மின்னழுத்தம் சரிவதில் போய் முடிகின்றன. புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் மின்னழுத்த அலையைக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பைத் தொடத் தயங்கும் இடத்தில் நீங்கள் தயங்காமல் போகலாம்.

சரி, அந்தக் கதையின் இன்னொரு பாதியைச் சொன்னால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

பின்னைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. பெரிய பள்ளத்தில் வண்டி இறங்கியபோதுதான் கோடு விழுந்தது. அதற்கு முன் வாரக்கணக்கில் அந்தப் பின் சின்னச் சின்னதாக விட்டு விட்டு ஒட்டியிருக்கும். அதெல்லாம் ஏன் ஈசியூவுக்குத் தெரியவில்லை? கேன் விதியைப் பிரித்துப் படித்தேன். அனுப்பும் செய்தியில் பிழை வந்தால் ஈசியூ தன் பிழைக் கணக்கில் 8 கூட்டிக்கொள்ளும். ஒரு செய்தி ஒழுங்காகப் போனால் 1 கழிக்கும். 127ஐத் தாண்டினால் அடக்கி வாசிக்கும், 255ஐத் தாண்டினால் பஸ்ஸை விட்டே விலகிவிடும். விநாடிக்கு நூறு செய்தி அனுப்பும் ஈசியூவுக்கு, ஒரு பிழையின் 8 கழிய பத்தில் ஒரு பங்கு விநாடிகூட ஆகாது. அடுத்த குலுக்கல் வருவதற்குள் கணக்கு பூஜ்யம். தடயமே இல்லை. நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான், ஒரு சின்ன இரைச்சலுக்காக ஈசியூ விலகிவிடக் கூடாது அல்லவா? ஆனால் ஒரு கிரிம்ப் மெல்லச் சாகும் கதையை அதே விதி அழித்துக்கொண்டே இருக்கிறது.

அலுவலகத்தில் இதைச் சொன்னேன். "நல்ல யோசனை, ஆனா அடுத்த ரிலீஸ் மூணு வாரத்துல" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. டயக்னாஸ்டிக்ஸ் வேலையின் எல்லை அங்கே தெரிந்தது. கேள்வியைக் கையில் கொடுக்கும், அதன் பின்னால் போக நேரம் கொடுக்காது. நான் ஆராய்ச்சிக்குப் போனதே அந்த ஒரு கேள்விக்காகத்தான். ஆய்வகத்தில் எலக்ட்ரானிக் ஸ்விட்ச் வைத்து, மைக்ரோ விநாடிக் கணக்கில் கம்பியை விட்டு ஒட்டி, மாதக்கணக்கில் அளந்தேன். மேஜையில் அழகாக வேலை செய்த முறை, வண்டியில் ஆல்டர்னேட்டர் இரைச்சலுக்கு முன்னால் உதிர்ந்துபோனது. மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன். வேலையில் இதை ஒரு தோல்வி என்று மதிப்பிட்டிருப்பார்கள். ஆராய்ச்சியில் அது இரண்டாவது அத்தியாயம்.

இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தேவை என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று செவ்வாய் கிரகத்தில் நடந்தது. 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் விண்கலம் அங்கே இறங்கியது. சில நாளில் அதன் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகப் பொறியாளர்கள் பூமியில் இருந்த அதே மாதிரிக் கருவியை, தடம் பதியும் வசதியோடு ஓட்டிப் பழுதை மறுபடி வரவழைத்தார்கள். வானிலை அளக்கும் முக்கியத்துவம் குறைந்த பணி ஒன்று பொதுவான ஒரு பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே வைத்திருக்கக்கூடிய அனுமதி) பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பூட்டுக்காக மிக முக்கியமான பணி காத்திருக்கிறது. இடையில் நடுத்தரப் பணிகள் புகுந்து, பூட்டு வைத்திருப்பதை ஓடவிடாமல் செய்கின்றன. முக்கியப் பணி நேரத்துக்கு முடியவில்லை என்று பார்த்ததும் காவல் ஏற்பாடு மொத்தத்தையும் ரீசெட் செய்கிறது. பூமியில் செய்த சோதனையிலேயே ஓரிரு முறை இந்த ரீசெட் தலைகாட்டியிருக்கிறது, திரும்ப வரவழைக்க முடியாததால் விட்டுவிட்டார்கள். என்டிஎஃப் எழுதிய எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு பக்கென்றது.

தீர்வு ஏற்கெனவே இருந்தது. பூட்டு வைத்திருக்கும் பணிக்கு, காத்திருப்பவரின் முக்கியத்துவத்தைத் தற்காலிகமாகக் கடன் கொடுப்பது. அந்த முறையை அலசி 1990இல் வந்த கட்டுரையை எழுதியவர்கள் மூன்று பேர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி. இதில் ராஜ்குமார் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1984இல் பட்டம் பெற்று, பிறகு அமெரிக்காவில் கார்னகி மெலனுக்குப் போனவர். ஓடிக்கொண்டிருந்த மென்பொருளிலேயே அந்த வசதி இருந்தது, அந்தப் பூட்டுக்கு அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அதை இயக்கும் மாற்றத்தைப் பூமியில் இருந்தே ஏற்றிவிட்டார்கள். அந்தப் பழுதுக்கு ஏழு வருடம் முன்பே ஒருவர் பெயர் வைத்து, மருந்தும் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் தடத்தைப் படித்து, இது அந்த நோய்தான் என்று சொல்ல ஆய்வகத்தில் விழித்துக் கிடந்தவர்களும் வேண்டியிருந்தது.

இனி பணம். இதைப் பேசாமல் ஒப்பிடுவது நடுத்தரக் குடும்பத்துக்கு உதவாது. பிஎச்.டி.யில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 70,000இல் தொடங்கும், ஆனால் அது வெகு சிலருக்கு. முதுநிலையில் இன்னும் குறைவு: கேட் நுழைவுத் தேர்வு வழியாக எம்.டெக். சேர்ந்தவர்களுக்கு பல வருடமாக 12,400தான். சென்னையில் விடுதிக்குள் இருந்தால் ஓட்டிவிடலாம். வீட்டில் கல்விக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால் முடியாது. என் அண்ணன் வீட்டில் ஓடுகிறது. அவள் அதைப் போனில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

நாளாந்த வாழ்க்கையும் வேறு. டயக்னாஸ்டிக்ஸில் வண்டியோடு அலைய வேண்டிவரும். குளிர் சோதனைக்கு இமயமலைப் பக்கம், சோதனைத் தடத்துக்கு ஒரகடம், சில நேரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஏதோ ஒரு டீலர் கொட்டகை. பெண் பிள்ளைகளை வீட்டில் இதைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். நான் போயிருக்கிறேன். நிறுவனம் வண்டி, துணை, தங்குமிடம் ஏற்பாடு செய்கிறதா என்று முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டால் சமாளிக்கலாம். ஆராய்ச்சியில் அலைச்சல் குறைவு, தனிமை அதிகம். ஆறு மாதம் ஒன்றுமே நகராத காலம் வரும். அப்போது வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்பதுதான் எல்லாம். ஆய்வகத்தின் பெயரைவிட அதை நன்றாக விசாரிக்க வேண்டும். அங்கே இப்போது படிக்கிறவர்களை கேன்டீனில் பிடித்துக் கேட்பதுதான் ஒரே வழி.

நடுவே மூன்றாவது பாதை ஒன்று உண்டு: தயாரிப்பு நிறுவனத்தில், கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் எழுதும் வேலை. நல்ல சம்பளம், நல்ல பழக்கம். ஆனால் எழுதியது போன பிறகு அதற்கு என்ன ஆனது என்று தெரியாமலே வருடங்கள் ஓடிவிடும். அவள் கையில் அந்தக் கடிதம் இல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

மின் வாகனம் பக்கம் பார்த்தால் இந்தப் பிரிவே மங்கலாகிவிடுகிறது. 2022இல் மின் ஸ்கூட்டர்கள் வரிசையாகத் தீப்பிடித்த பிறகு, பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதியைக் கடுமையாக்கினார்கள். ஒரு செல் சூடேறுவதை எவ்வளவு சீக்கிரம் உணர்வது என்பது இன்றைக்கு டயக்னாஸ்டிக்ஸ் வேலை, இன்னும் முழு விடை கிடைக்காத ஆராய்ச்சிக் கேள்வியும்கூட. காரைக்குடியில் இருக்கும் செக்ரி ஆய்வு நிறுவனம் மாதிரியான இடத்து மின்வேதியியல் அறிவும், ஓசூரில் ஸ்கூட்டர் அசெம்பிளி லைனில் கிடைக்கும் அறிவும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். கார் பக்கமும் அப்படித்தான். வாகன மின்னணுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 விதியின்படி ஸ்டியரிங், பிரேக் மாதிரி மிக ஆபத்தான அமைப்புகளில், தனியாகவே விபத்து உண்டாக்கக்கூடிய வன்பொருள் பழுதுகளில் 99 சதவீதத்தையாவது அமைப்பு கையாள வேண்டும். அந்த 99ஐக் கணக்குப் போட்டு நிரூபிக்க ஆராய்ச்சி மூளை வேண்டும், அது காகிதத்துக்கு வெளியே நிற்குமா என்று சந்தேகப்பட வேன் பார்த்த கண் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. உங்களைத் தூங்கவிடாத ஒரு கேள்வி ஏற்கெனவே இருந்தால், பிராஜெக்ட் செய்யும்போது முளைத்து இன்னும் குடைந்துகொண்டே இருக்கிறது என்றால், நேராக ஆய்வகம் போங்கள். காத்திருந்தால் அந்தச் சூடு ஆறிவிடும். அப்படி ஒன்று இல்லையென்றால் முதலில் டயக்னாஸ்டிக்ஸ். கேள்வி இல்லாமல் ஆராய்ச்சிக்கு வந்த நல்ல பிள்ளைகள் வழிகாட்டியின் பழைய கேள்வியை இரவல் வாங்கி மூன்று வருடம் சுமப்பதைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டு வருடம், அதிகம் போனால் மூன்று. அதற்கு மேல் போனால் சம்பளம் ஏறும், பொறுப்பு ஏறும், வெளியே வர மனம் வராது. நான் ஏழு வருடம் இருந்தது அதிகம்.

வேலையை எடுப்பதற்கு முன் நிறுவனத்தைக் கேட்க வேண்டியதையும் சொன்னேன். டயக்னாஸ்டிக்ஸ் என்று பெயர் போட்டு, வேறு யாரோ எழுதிய சோதனைப் பட்டியலை நாள் முழுக்க ஓட்ட வைக்கும் வேலையும் உண்டு. அதனால் களத்தில் இருந்து திரும்பி வரும் பாகங்கள் என் மேஜைக்கு வருமா, வண்டியைத் தொட விடுவீர்களா, பழுதுக்கான எல்லைகளை எழுதும் கூட்டத்தில் நான் உட்காரலாமா என்று கேட்கச் சொன்னேன். மூன்றுக்கும் மழுப்பினால் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு எம்.எஸ்.ஸிலேயே சேரலாம், கடன் தவணைக்கு நானும் அண்ணனும் பார்த்துக்கொள்கிறோம்.

அவள் கேட்டுவிட்டாள். முதல் இரண்டுக்கும் ஆமாம், மூன்றாவதற்கு ஒரு வருடம் கழித்து என்றார்களாம். அப்புறம் அவளுக்கு ஒரே கவலைதான் மிச்சம்: எழுதிய கேட் தேர்வு வீணாகிவிடுமே. ஆகாது. அந்த மதிப்பெண் முடிவு வந்த நாளில் இருந்து மூன்று வருடம் செல்லும். இந்த மார்ச்சில் வந்தது, ஜூலையில் வேலையில் சேர்ந்தால் அதற்குப் பிறகு இரண்டு சேர்க்கை அறிவிப்பு வரும்வரை மதிப்பெண் உயிரோடு இருக்கும். இரண்டாவது அறிவிப்பு வரும் மாதத்தைக் காலண்டரில் இப்போதே வட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.